அக்காவின் மாத்திரை

புதுக் கோட் ஒன்றை ஹாங்கரோடு தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி பிக்ஹா லிஃப்ட்டில் நின்றாள். பையில் மடித்து வைத்தால் சுருக்கம் விழும். கஞ்சிப் பாத்திரத்தோடு பக்கத்தில் நின்ற பெண், கோட்டின் துணியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நல்ல துணி. மாப்பிள்ளைக் கோட்டா பெரியம்மா?"

"என் தம்பிக்கு."

"அதிர்ஷ்டக்காரர்."

பிக்ஹா தலையசைத்து வைத்தாள். தம்பி பூன்கிங்கை இன்று மதியத்துக்குள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று நேற்று மாலையே அவள் முடிவு செய்துவிட்டாள். அவள் தாத்தாவும் அப்பாவும் அம்மாவும் மாதோவ் ஊரில், இப்போது தம்பி இருக்கும் பூர்வீக வீட்டின் கூடத்தில், முன்னோர் பெயர் எழுதிய பலகைகளுக்கு முன்னால்தான் கண்ணை மூடினார்கள். சாய் குடும்பத்தில் ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து செத்தார் என்ற பேச்சு அவள் இருக்கும்வரை வரக்கூடாது. அவளுக்கு அறுபத்தெட்டு வயதாகிறது. கல்யாணம் செய்துகொள்ளாமல், பதினாலு வயது இளையவனான பூன்கிங்கைத் தூக்கி வளர்த்தவள். ஊர்ப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து வேலை பார்த்தவள்.

தீக்காயப் பிரிவின் வாசலில் தம்பி மனைவி சியூகிம் பெஞ்சில் குறுகி உட்கார்ந்திருந்தாள். மகள் யீஜென் அவள் கையைப் பிடித்திருந்தாள். பூன்கிங்கைத் தீ தொடவில்லை. ஆனாலும் அவன் கிடந்த கோலத்துக்கு இந்தப் பிரிவைத் தவிர வேறு இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பது நாளாக அவன் தோல் வெந்ததுபோல் உரிந்துகொண்டிருந்தது. முதுகு முழுவதும், மார்பு, கை, வாய்க்குள், இமைக்குள்.

"அக்கா, நான் காய்ச்சிக் குடுத்ததுதான்…" என்று ஆரம்பித்தாள் சியூகிம்.

"இங்க அழாதே. போறவங்க வர்றவங்க பாக்கிறாங்க."

"தேநீர்க் கடைக்காரி சொன்னா, வாய்ப்புண்ணுக்கு நல்லதுன்னு. சூடு தணியும்னு. நாலு நாள் குடுத்தேன். நாலு நாளும் நானே கிளாஸைப் பிடிச்சு…"

"போதும்னு சொன்னேன்ல?"

யீஜென் நிமிர்ந்து பார்த்தாள். "அத்தை, அம்மா ராத்திரி பூரா தூங்கல. கொஞ்சம் மெதுவா பேசுங்க."

சுவரிலிருந்த கொக்கியில் பிக்ஹா கோட்டை மாட்டினாள். அதற்குள் டாக்டர் ஷேன் வெளியே வந்தாள். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம். "வீட்டுக்குக் கொண்டுபோற பேப்பர்ல யார் கையெழுத்து?" என்று கேட்டாள்.

"நான்தான்," என்றாள் பிக்ஹா. அந்தக் குடும்பத்தில் கையெழுத்து என்றால் அவள்தான்.

டாக்டர் அவளை மட்டும் பக்கத்து அறைக்கு அழைத்துப்போனாள். காகிதத்தை உடனே நீட்டவில்லை.

"அம்மா, உங்க தம்பி ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருந்தேன். காலைல ரிசல்ட் வந்துச்சு. எல்லார் உடம்புலயும் ஒவ்வொரு செல்லுக்கு வெளியேயும் அடையாள வில்லை மாதிரி ஒண்ணு இருக்கும். இது நம்ம ஆளுன்னு காவல் அணுக்கள் பாத்துத் தெரிஞ்சுக்கிறதுக்கு. அதுல பல வகை இருக்கு. உங்க தம்பிக்கு இருக்கிற வகை நம்ம ஜனங்கள்ல நூத்துல ஏழெட்டுப் பேருக்கு உண்டு. சும்மா இருந்தா ஒண்ணும் பண்ணாது. ஆனா ஒரு மருந்து உள்ள போச்சுன்னா அந்த வில்லைல போய் ஒட்டிக்கும். காவல் அணுக்கள் சொந்தத் தோலையே எதிரின்னு நினைச்சுக் கொல்ல ஆரம்பிச்சுடும்."

"என்ன மருந்து?"

"கார்பமாசெபைன். வலிப்புக்குக் குடுப்போம். முகத்து நரம்பு வலிக்கும் குடுப்போம். அதனாலதான் மறுபடி கேக்கிறேன். அவர் இன்ஷூரன்ஸ் அட்டையைப் போட்டுப் பார்த்தேன், அந்த மருந்து எங்கயும் வாங்கினதா இல்லை. வேற யார் மூலமாவது சாப்பிட்டாரா?"

பிக்ஹாவின் கைப்பை மடியில் இருந்தது. அதற்குள் பல்செட் டப்பாவுக்கு அடியில் அந்த மாத்திரை அட்டை இருந்தது. ஏழு மாத்திரை மிச்சம். அட்டையின் முதுகில் டாக்டர் சொன்ன அதே பெயர். அவள் பையின் வாயை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லை," என்று அவள் வாய் சொல்லிற்று. ஒன்பது நாளாகச் சொல்லிப் பழகிய சொல், தானே வந்துவிட்டது.

டாக்டர் பெருமூச்சு விட்டாள்.

"ஒரு சந்தேகம்," என்றாள் பிக்ஹா. "ஒரே அப்பா, ஒரே அம்மா. அக்கா ரத்தத்துல அது இல்லைன்னா, தம்பி ரத்தத்துல மட்டும் எப்படி இருக்கும்?"

"தாராளமா இருக்கலாமே. அப்பாகிட்ட ரெண்டு, அம்மாகிட்ட ரெண்டு. ஒவ்வொரு பிள்ளையும் அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு எடுத்துக்கும். நீங்க ஒண்ணு எடுத்தா அவர் இன்னொண்ணு. கூடப்பிறந்தவங்கதானேன்னு ஒருத்தர் ரத்தத்தை வெச்சு இன்னொருத்தருக்கு மருந்து குடுக்கவே முடியாது." அவள் நிறுத்தி, பிக்ஹாவின் முகத்தைப் பார்த்தாள். "பொண்ணு இருக்கே. அதுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இன்ன மருந்துதான்னு உறுதியாத் தெரிஞ்சா அந்தப் பொண்ணு அட்டைல எழுதி வெச்சுடுவேன், ஆயுசுக்கும் யாரும் தெரியாம குடுத்துட முடியாது. தெரியலைன்னா மூலிகைன்னுதான் எழுதணும். எழுத எனக்கு மனசு இல்லை."

பிக்ஹா கையெழுத்துப் போட்டாள். பெயரின் கடைசிக் கோடு காகிதத்தைக் கிழித்தது.

நான்கு வருஷத்துக்கு முன் அவளுக்கு முகத்தில் அந்த வலி வந்தது. பல் துலக்கினால், காற்றுப் பட்டால், கன்னத்தில் மின்னல் வெட்டும். மருந்து கொடுக்கும் முன் அவள் ரத்தத்தைச் சோதித்த டாக்டர், "உங்க ரத்தத்துல ஒரு குறையும் இல்லை, தைரியமா சாப்பிடுங்க" என்றார். அந்தப் புத்தாண்டு விருந்தில் மீன் துண்டை எடுத்து வைத்துக்கொண்டே அவள் எல்லாரிடமும் சொன்னாள்: "சாய் குடும்பத்து ரத்தம் சுத்தம்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டார்." பூன்கிங் விழுந்து விழுந்து சிரித்தான். "ஃப்ரேம் போட்டு மாட்டுக்கா."

சென்ற மாதம் அவள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைச் சரிபார்க்க வந்த பூன்கிங், கொல்லையில் பம்பளிமாஸ் மரத்தடியில் விழுந்தான். கை கால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை. பார்த்தவள் அவள் ஒருத்திதான். யீஜெனின் நிச்சயத்துக்கு இருபத்தோரு நாள் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா, அந்தக் கோ அம்மாள், எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கிறவள். காக்காய் வலிப்புக் குடும்பம் என்று ஒரு வாய் சொன்னால் போதும். ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனால் இன்ஷூரன்ஸ் அட்டையில் பதிந்துவிடும், மருந்துக்கடைக்காரன் மனைவி வழியாக அன்று சாயங்காலமே சந்தைக்கு வந்துவிடும். அவளுடைய மாத்திரை வலிப்புக்கும் உரியது என்று மருந்துப் பெட்டிக்குள் இருந்த சீட்டில் அச்சிட்டிருந்தது. தினமும் காலையில் அவன் வேலைக்குப் போகும் வழியில் வந்து கஞ்சி குடித்து, அக்கா கையால் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டான். சியூகிம்முக்குத் தெரியாது.

பதினேழாம் நாள் அவன் கஞ்சியைத் தள்ளி வைத்தான். உதடு வீங்கியிருந்தது, கண் செவசெவ என்றிருந்தது.

"அக்கா, வாய் பூரா புண்ணு. இந்த மாத்திரையினால இருக்குமோ?"

"நாலு வருஷமா நான் சாப்பிடுறேன், எனக்கு என்ன ஆச்சு? உனக்கும் எனக்கும் ஒரே ரத்தம். அது உடம்புச் சூடு. நிச்சயம் முடியட்டும்."

"சரிக்கா," என்று அவன் விழுங்கினான். விழுங்கும்போது தொண்டை வலியில் கண்ணை மூடியது அவளுக்கு இப்போது தெரிந்தது.

ஆம்புலன்ஸில் உதவியாள் வெற்றிலைப் பாக்கை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு காற்றுப் பையை அமுக்கிக்கொண்டிருந்தான். அமுக்கினால் பூன்கிங்கின் மார்பு எழுந்தது, விட்டால் விழுந்தது. உடம்பு முழுக்க வெள்ளைக் கட்டு, முகத்தில் களிம்பு தடவிய துணி. சியூகிம்முக்கு அவனைத் தொட ஓர் இடம் கிடைக்கவில்லை. கட்டிலின் இரும்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வழி சொல்லிக்கிட்டே வாங்க," என்றான் உதவியாள். "சத்தமா சொல்லணும். இல்லைன்னா உசிரு ஆஸ்பத்திரிலயே சுத்தும். போன வாரம் ஒரு வீட்டுல டிரைவர் வழி மாத்திப் போயிட்டான், பாட்டி எங்க இறங்கினாங்களோன்னு அந்த வீட்டுல இன்னும் சண்டை."

யீஜென் "அப்பா, கிளம்பிட்டோம்" என்றதோடு நிறுத்திக்கொண்டாள். பிக்ஹா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பூன்கிங், டவுன் எல்லை தாண்டிட்டோம். ஆன்திங் வருது. இடது பக்கம் உர மில்லு. கேக்குதா?"

மார்பு எழுந்தது, விழுந்தது.

"பாலம் வருது. செங்வென் ஆத்துப் பாலம். ஏறுறோம், பூன்கிங். கூடவே வா."

பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் தடக் தடக் என்றது. அந்த வண்டிக்குள் அவன் காதில் சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருந்தது. உதடு அதற்காகத் திறந்தும்விட்டது. எதிரே சியூகிம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாலம் முடிஞ்சுது," என்றாள் பிக்ஹா. "வலது பக்கம் திரும்புறோம்."

கூடத்தில் முன்னோர் பலகைகளைச் சாவுத் தீட்டுப் படாமல் சிவப்புத் தாளால் மறைத்துவிட்டுச் சித்தப்பா தயாராக நின்றார். பிக்ஹாவின் அப்பாவுக்குக் கடைசித் தம்பி, எழுபத்தாறு வயது, சடங்கு என்றால் சட்டம் பேசுகிறவர். பலகைக் கட்டிலில் கிடத்தியதும் உதவியாள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பையைக் கழற்றினான். மார்பு ஒருமுறை தானாக எழுவதுபோல் இருந்தது. எழவில்லை. பதினொன்று இருபது.

உடுத்திவிட வந்த அம்மாள் கட்டுத் துணியை ஓரிடத்தில் விலக்கிப் பார்த்துவிட்டு உடனே மூடினாள். எத்தனையோ பிணங்களைக் குளிப்பாட்டியவள். வாசல்வரை போய் நின்று, முதுகு காட்டியபடியே சொன்னாள்: "பெரியக்கா, குளிப்பாட்ட முடியாது. சட்டை மாட்டவும் முடியாது. கையைத் தூக்கினா… எல்லாம் கையோட வரும்."

"ஏழு அடுக்குத் துணி போடணுமே," என்றார் சித்தப்பா.

"மேல விரிச்சுப் போடுறேன். அவ்வளவுதான் என்னால ஆகும்."

அப்படியே செய்தாள். கடைசி அடுக்காக அந்தக் கோட்டை விரித்து, காலியான கைகளை இரண்டு பக்கமும் நேராக இழுத்துவிட்டாள்.

மதியம் கோ அம்மாள் வந்தாள். கறுப்புக் கால்சட்டை, கையில் துக்கப் பணம் வைத்த வெள்ளை உறை. ஊதுபத்தி ஏற்றி வணங்கிவிட்டுப் பிக்ஹாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பெரியக்கா, இந்த நேரத்துல பேசுறது தப்புதான். அப்பா போன நூறு நாளுக்குள்ள கல்யாணத்தை முடிச்சுட்டா நல்லது, இல்லைன்னா துக்கம் கழியிற வரைக்கும் வருஷக்கணக்காக் காத்திருக்கணும். எங்க பக்கம் சம்மதம். ஒண்ணே ஒண்ணு. ஊர்ல என்னென்னவோ பேசுறாங்க. உடம்பெல்லாம் உரியற வியாதியாமே? அது பரம்பரை கிரம்பரை ஒண்ணும் இல்லையே?"

பிக்ஹா பதில் சொல்வதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார். "பரம்பரையா? எங்க வீட்டுலயா? எல்லாம் அந்தப் பச்சிலைத் தேநீர் பண்ணின வேலைம்மா. வீட்டுக்காரி கண்டதையும் காய்ச்சி ஊத்தினா மனுசன் என்ன ஆவான்? கேட்டா கடைக்காரி சொன்னாளாம்! கடைக்காரி விஷம் குடுன்னா குடுப்பியா?" குரலை உயர்த்தினார். "நாளைக்குச் சடங்குல அவ முன்னால நிக்கக் கூடாது. கொன்ன கையால ஊதுபத்தி வாங்கிக்க மாட்டான் என் பிள்ளை."

இறந்தவனுக்காக எரிக்கக் காகிதத் தாமரை மடித்துக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன. சியூகிம் எழுந்தாள். சமையலறைக்குள் போனாள்.

கோ அம்மாள் நிம்மதியாக மூச்சு விட்டாள். "அதானே பாத்தேன். கை மருந்துல வந்த வினை."

எல்லாம் தானாகவே அடங்கிவிட்டது. பிக்ஹா ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணம் நடக்கும், குடும்பத்தின் பெயர் நிற்கும். சியூகிம் வெளியிலிருந்து வந்தவள், பழி சுமந்துகொண்டு ஒரு மூலையில் இருந்துவிடுவாள். யீஜெனின் அட்டையில் மட்டும் ஒன்றும் எழுதியிருக்காது. என்றைக்காவது அவளுக்கும் கன்னத்தில் மின்னல் வெட்டும், அல்லது பிள்ளை பெறும்போது வலிப்பு வரும், அவசரத்தில் யாரோ ஒருவர் எதையோ கொடுப்பார்.

சமையலறையிலிருந்து கசப்பு வாசனை வந்தது. யீஜெனின் அலறல் கேட்டது.

"அம்மா! என்னம்மா பண்ற? வேணாம்மா!"

பிக்ஹா ஓடினாள். அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. அடுப்பின் முன் சியூகிம் நின்றுகொண்டிருந்தாள். பெரிய கெட்டிலில் மிச்சமிருந்த மூலிகை முழுவதையும் போட்டுக் காய்ச்சியிருந்தாள். ஆவி பறக்கும் கறுப்புத் தேநீரைக் கிளாஸில் ஊற்றி, ஊதாமல், சுடச்சுட விழுங்கிக்கொண்டிருந்தாள். உதட்டோரம் சிவந்துவிட்டது. யீஜென் கிளாஸைப் பிடுங்கப் பிடுங்க, அடுத்ததை எடுத்தாள்.

"விடுடி. அவர் குடிச்சதைத்தானே குடிக்கிறேன்? எனக்கும் உரியட்டும்."

"சியூகிம், வை கீழ," என்றாள் பிக்ஹா.

"நீங்க சும்மா இருங்கக்கா. உங்க தம்பி உங்களை ஒரு நாள் எதிர்த்துப் பேசினதில்லை. நானும் பேசல. இன்னிக்கு மட்டும் விடுங்க." மூன்றாவது கிளாஸை வாயருகே கொண்டுபோனாள்.

பிக்ஹா அந்தக் கையைப் பிடித்தாள். தேநீர் இருவர் மேலும் கொட்டியது. பின்னால் கோ அம்மாளும் சித்தப்பாவும் வந்து நிற்பது அவளுக்குத் தெரிந்தது. காலடி கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

"தேநீர் இல்லை," என்றாள். "என் மாத்திரை. முக வலிக்கு நான் சாப்பிடுறது. போன மாசம் என் கொல்லைல அவனுக்கு வலிப்பு வந்துச்சு. காக்கா வலிப்பு. வெளிய தெரியக் கூடாதுன்னு நான்தான் என் மாத்திரையைத் தினம் குடுத்தேன். வாய்ப்புண்ணு வந்தப்புறமும் குடுத்தேன். டாக்டர் காலைல சொல்லிட்டா, அந்த மருந்து அவன் ரத்தத்துக்கு ஆகாது. என் ரத்தத்துக்கு ஆகும், அவனுக்கு ஆகாது. யீஜெனுக்கும் ஆகாம இருக்கலாம். சோதிக்கணும்."

கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை அடுப்பு மேடையில் வைத்தாள்.

சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, கோ அம்மாளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். கோ அம்மாள் கண் கொட்டாமல் அட்டையையே பார்த்தாள். யீஜென் அதை எடுத்து, பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். பிறகு போனை எடுத்து ஆஸ்பத்திரி எண்ணைத் தேட ஆரம்பித்தாள். அத்தையின் பக்கம் அவள் திரும்பவில்லை.

சியூகிம் கத்துவாள், அடிப்பாள் என்று பிக்ஹா காத்திருந்தாள். முதுகை நிமிர்த்தி நின்றாள்.

"தினமுமா?" என்றாள் சியூகிம்.

"தினமும்."

"காலைலயா?"

"காலைல. கஞ்சிக்கு அப்புறம்."

"உங்க வீட்டுல கஞ்சி குடிச்சுட்டா போனார்?" சியூகிம்மின் குரல் மிக மெல்லியதாக இருந்தது. "பசிக்கலை, வேலை இடத்துல பாத்துக்கிறேன்னு சொல்லிட்டுப் போவார். நான் பின்னாலயே சோறு கட்டிக் குடுப்பேன்."

வாசலில் மூங்கில் இறக்கும் சத்தம் கேட்டது. துக்கப் பந்தல் போட ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவன் கூடத்து வாசலில் எட்டிப் பார்த்து உரக்கக் கேட்டான்.

"பெரியக்கா! பந்தல் வாய் எந்தப் பக்கம் வைக்கிறது?"

அந்த வீட்டில் எந்தக் கேள்வியும் முப்பது வருஷமாக அவளிடம்தான் வந்தது. எல்லாருடைய கண்களும் பழக்கத்தில் அவள் பக்கம் திரும்பின. பிக்ஹா வாயைத் திறந்தாள். அவளுக்குத் திசை தெரியும். சொல் வரவில்லை.

"சீக்கிரம் சொல்லுங்க, பொழுது போகுது," என்றான் அவன்.

சியூகிம் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டாள். பிக்ஹாவைக் கடந்து, கோ அம்மாளையும் சித்தப்பாவையும் கடந்து, கூடத்தின் வழியாக வாசலுக்குப் போனாள்.

"கிழக்க வை," என்றாள். "லாரி திரும்புறதுக்கு இடம் விட்டு நடு."

வெளியே முதல் கம்பை நிறுத்தி, இரண்டு பேர் மாறி மாறி அடிக்கத் தொடங்கினார்கள்.